மலையாளப் படத்துக்கு டிக்கெட், திரையில் தமிழ் டப்பிங்: நம்ம ஊர்க்காரங்க கவனிக்கவும்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் மலையாளப் படம் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆப்பில் மலையாளம் என்று போட்டு டிக்கெட் விற்றுவிட்டு தமிழ் டப்பிங்கை ஓட்டினார்கள், கேட்டதற்குப் பணமும் தரவில்லை. நம் மாவட்டத்துத் தியேட்டர்தான். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இப்போது போடவில்லை.

நான் முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடுகிற ஆள் கிடையாது. நாலு பேர் நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். லப்பர் பந்து, மெய்யழகன் எல்லாம் அப்படிப் பார்த்தவைதான். வெட்டுக்குத்தை விட மனுஷங்க உட்கார்ந்து பேசுகிற படம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கும், அதனாலேயே கொஞ்ச காலமாக மலையாளப் படம்தான் அதிகம். அம்மா பிறந்தது களியக்காவிளைப் பக்கம், மலையாளம் அவங்களுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி.

டப்பிங் என்றால் என்ன, கதை ஒன்றுதானே என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்று இல்லை. 2024-ல் மஞ்ஞுமல் பாய்ஸ் தமிழ்நாடு முழுக்க மலையாளத்திலேயே ஓடியது. கொச்சிப் பக்கத்துப் பையன்கள் கொடைக்கானலுக்கு வந்து, குணா குகையில் ஒருத்தன் விழுந்ததும், தமிழ் பேசுகிற போலீஸிடமும் கடைக்காரரிடமும் மலையாளத்தில் கெஞ்சித் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பில் பாதி, மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டதால் வருவது. எல்லாரையும் தமிழ் பேச வைத்துவிட்டால் அது எங்கே இருக்கும்? அப்புறம் குரல். ஃபகத் ஃபாசில் மூச்சு விடுகிற இடத்தில் வேறொருவர் வசனம் பேசினால் எனக்குப் படத்தில் மனசு ஒட்டுவதே இல்லை. டப்பிங்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும், ஆனால் எது என்று சொல்லி விற்க வேண்டும். மெய்யழகனில் வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள், அதைக்கூட வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்தார்கள்.

சரி, நடந்தது இதுதான். படம் தொடங்கும் முன் வரும் தணிக்கைச் சான்றிதழில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருந்தது, பக்கத்திலேயே டப்பிங் என்றும். அம்மா முதல் வசனத்திலேயே, "லே மக்கா, படத்த மாத்திப் போட்டுட்டானுவளா?" என்று கேட்டுவிட்டார்கள். வெளியே போய்க் கேட்டேன். மலையாளப் பதிப்புக்கான கீ வரவில்லை, அதனால் தமிழைப் போட்டோம் என்றார் மேனேஜர். டிஜிட்டலில் படத்தைத் திறக்க ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிக் கீ வர வேண்டும், அது தாமதமாவதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீ வரவில்லை என்று அவர்களுக்குக் காட்சிக்கு முன்பே தெரியும், நுழைவாயிலில் டிக்கெட்டை ஸ்கேன் பண்ணும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் திரும்பிப் போயிருப்போம். பணத்தைக் கேட்டதற்கு, "ஆப்ல எடுத்தீங்கல்லா சார், அங்க கேளுங்க" என்றார். ஆப்பில் கேட்டால், காட்சி ரத்தாகவில்லை, தியேட்டரைக் கேளுங்கள் என்று பதில். வயசான அம்மாவை வராண்டாவில் நிற்க வைத்துக்கொண்டு இதைப் பேசிய கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த டிக்கெட் ஆப்பின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைத்தேன். எடுத்தவன் நல்ல தமிழில் மரியாதையாகப் பேசி, ரீஃபண்ட் உடனே வரும், ஃபோன் திரையைப் பகிர்கிற ஒரு ஆப்பை இறக்குங்கள், யுபிஐ பின்னைப் போடுங்கள் என்றான். அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டித்தேன். பணம் நம் கணக்குக்கு வர பின் நம்பர் எதுவும் தேவையில்லை, அதைப் போட்டால் பணம் போகத்தான் செய்யும். இந்த மாதிரி போலி எண்கள் தேடலில் முதலிலேயே வந்து நிற்கின்றன. ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். யாராவது ஏற்கனவே பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தியேட்டர் விஷயத்துக்கு 1915-ல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன். மொழி தெரிகிற மாதிரி டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய குறுஞ்செய்தி, ஆப்பில் வந்த பதில் எல்லாம் கையில் இருக்கிறது. அதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இந்த மாதிரி சின்னத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணமும் கிடையாது.

நம் மாவட்டத்தில் வேறு யாருக்காவது இப்படி மொழி மாறிப் படம் ஓடியிருந்தால் டிக்கெட்டை அழித்துவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள், எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கலாம்.