குழந்தையின் தட்டைத் தலைக்கு ஹெல்மெட்: கழற்றி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு

போட்டிருக்கும்போதே எழுதியிருந்தால் வெறும் புலம்பலாக இருந்திருக்கும். கழற்றிய வாரத்தில் எழுதியிருந்தால் விளம்பரமாகியிருக்கும். மகளுக்கு மூன்று வயது நடக்கும் இப்போது எழுதுவதுதான் சரி என்று தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கழுத்தில் ஒரு பக்கத் தசை இறுக்கம். எப்போதும் வலப்புறமே முகத்தைத் திருப்பிப் படுப்பாள். மூன்றாம் மாதத்தில் பின்மண்டையின் வலப்பக்கம் சப்பையாகி, அந்தப் பக்கத்துக் காது முன்னே தள்ளி, நெற்றியும் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார், "தூளி கட்டியிருந்தால் தலை உருண்டையாக வந்திருக்கும், மாப்பிள்ளை" என்றார். கடுகுத் தலையணை தைக்கவும் தயாராக இருந்தார். இங்கே அதற்கு இடமில்லை. குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று 1992-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு சொன்னது. தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. தட்டைத் தலைகள் பெருகின. தலையணை, தூளி எதுவும் கூடாது, கெட்டியான சமதளப் படுக்கைதான். உயிரா உருண்டைத் தலையா என்றால் கேள்விக்கே இடமில்லை என்று மாமியாரும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் முதலில் மண்டையோட்டு இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். அவை முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருந்தால் அறுவைச் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். அப்படி இல்லை. இரண்டு மாதம் கழுத்துப் பயிற்சி, விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது, இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவைப்பது என்று முயன்றோம். கழுத்து இளகியது, தலை அவ்வளவாக மாறவில்லை.

ஐந்தாம் மாதத்தில் முப்பரிமாண ஸ்கேன். தலையின் இரு மூலைவிட்ட அளவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொல்கிறார்கள். 3.5-க்குக் கீழே இயல்பு, 8.75-க்கு மேல் கடுமை. இவளுக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஹெல்மெட் தலையை அழுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது புடைத்த இடத்தை வளரவிடாமல் தாங்கி, தட்டையான இடத்தில் வெற்றிடம் விடுகிறது. வளரும் மூளை மண்டையை அந்த வெற்றிடத்தின் பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் வேகமாகப் பலன் தெரிகிறது, ஒரு வயதுக்குப் பிறகு இழுத்தடிக்கிறது. தலை வளர வளர, நிபுணர் உட்புறப் பஞ்சை அங்கங்கே சீவிக் கொடுப்பார்.

நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். முதல் சில நாட்கள் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். குழந்தை சீக்கிரம் பழகிவிட்டாள். தூக்கம் கெட்டது எங்களுக்குத்தான். பெரிய தொல்லை வியர்வை. டாலஸ் கோடையில் ஹெல்மெட்டின் உட்புறம் ஈரக் காலுறை போல நாறும். குளிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மின்விசிறியடியில் காயவைத்து, மறுபடி மாட்ட வேண்டும். கழற்றியதும் தெரியும் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் நிபுணரைக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு இருமுறை அப்படி ஆனது. தலைக்கு எண்ணெய் வைக்கவே கூடாது என்றதும் மாமியாருக்கு வந்த வருத்தம், ஹெல்மெட்டைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

பத்தாம் மாதத்தில் கழற்றியபோது அளவு நான்குக்குச் சற்று மேல். அதன்பின் ஊருக்குப் போய்க் குலதெய்வம் கோயிலில் முடி இறக்கினோம். ஸ்கேனைவிட நேர்மையான பரிசோதனை மொட்டைதான். வலது பின்மண்டையில் இலேசான சமதளம் தெரிந்தது, காதுகள் ஏறக்குறைய நேராக இருந்தன. இப்போது முடிக்குள் எதுவும் தெரிவதில்லை.

இதில் ஹெல்மெட்டின் பங்கு எவ்வளவு, தானாக நடந்தது எவ்வளவு? நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்துச் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வயதில் ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரு தரப்பிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே தலை முழுமையாகச் சீரானது. ஆனால் மிகக் கடுமையான தட்டையும் கழுத்து இறுக்கமும் உள்ள குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. என் மகளுக்கு அதில் இடமே கிடைத்திருக்காது. 2016-இல் வந்த அமெரிக்க நரம்பு அறுவைச் சிகிச்சை வழிகாட்டுதல், பயிற்சிக்குப் பிறகும் மிதமான அல்லது கடுமையான தட்டை நீடித்தால் ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவத்தில் பொதுவாக இதைத் தருவதில்லை.

என் கணக்கு இதுதான்: அவளுக்கிருந்த அளவுக்கு மறுபடியும் போடுவேன். அளவு ஐந்து, ஆறு என்றால் போடமாட்டேன், பயிற்சியே போதும். இது பெரும்பாலும் தோற்றம் பற்றிய விஷயம், மூளை வளர்ச்சிக்கு இதனால் கேடில்லை என்று எங்கள் மருத்துவர் முதல் நாளே சொன்னார். அமெரிக்காவில் செலவு பெரும்பாலும் 1,500 முதல் 4,000 டாலர் வரை. காப்பீட்டு நிறுவனம் அழகு சிகிச்சை என்று முதலில் மறுத்து, மேல்முறையீட்டில் ஒரு பகுதியைக் கொடுத்தது. அதற்குக் கழுத்துப் பயிற்சிக் குறிப்புகள்தான் கைகொடுத்தன. அந்தக் காகிதங்களைத் தொலைத்துவிடாதீர்கள். ஹெல்மெட் விற்கும் இடமே தலையையும் அளந்து "கடுமை" என்று சொன்னால், அந்த அளவுத் தாளை வாங்கிக்கொண்டு போய் உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள்.