சின்ன ஸ்கிம்மருக்கு வலை கட்டுவதா, ரீசர்குலேஷனா?

களியக்காவிளை வீட்டில் உப்புநீர் மீன்தொட்டியை 200 லிட்டரிலிருந்து 400 ஆக்கியபோது, பழைய ஸ்கிம்மரை (காற்றுக் குமிழியால் நீரின் கழிவை நுரையாக்கி, கழுத்து வழியாக மேல் கிண்ணத்தில் சேர்க்கும் கருவி) தூக்கிப்போட மனம் வரவில்லை. அதன் திறனைக் கூட்ட இரண்டு வழிகளையும் செய்து பார்த்தேன்.

முதலாவது, பம்பின் ஊசிச் சக்கரத்தில் (காற்றையும் நீரையும் கலக்கும் முள் சக்கரம்) பிளாஸ்டிக் வலை கட்டுவது. செலவு சொற்பம், ஒரு சாயங்கால வேலை. வலை காற்றைப் பொடியாக நறுக்கும். கழிவு குமிழியின் மேற்பரப்பில்தான் ஒட்டுகிறது என்பதால் பரப்பு கூடக்கூட அழுக்கும் அதிகமாக வரும். ஆனால் வலை ஒருபக்கம் கனத்தால் சக்கரம் அதிர்ந்து தேயும். ஸ்கிம்மரின் ஒல்லியான உடற்குழாய்க்குள் காற்று மிஞ்சினால் நீர் குமுறி, நுரை கழுத்துக்கு ஏறாமலே உடைந்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது. பாதி வலையை வெட்டிய பிறகே கிண்ணத்தில் கறுப்பு நீர் சேர்ந்தது.

இரண்டாவது, ரீசர்குலேஷன். இதில் குமிழி பம்ப் ஸ்கிம்மருக்குள் இருக்கும் நீரையே திரும்பத் திரும்பச் சுழற்றும். சம்ப்பிலிருந்து (வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) புதுநீர் தர தனியாக ஒரு சின்ன பம்ப். குமிழியோடு நீர் அதிக நேரம் இருக்கும், சம்ப் மட்டம் மாறினாலும் நுரை அவ்வளவாகக் கெடாது. ஸ்கிம்மரில் துளைபோட்டுக் குழாய் ஒட்டுவதுதான் சிரமம். பாறசாலைக் கடைச் சேட்டன் தந்த ரப்பர் வாஷர் இல்லாவிட்டால் ஒழுகியிருக்கும்.

என் ஓட்டு ரீசர்குலேஷனுக்கே. மீன் நிறைய வளர்ப்பவர்கள் மட்டும் பெரிய ஸ்கிம்மரே வாங்குங்கள். நுரை வெளியேறும் கழுத்தின் அகலத்தை இந்த இரண்டு மாற்றமும் கூட்டாது.