ஆண்டோவரா, எக்ஸிட்டரா? ஒரே குடும்பத்தின் இரண்டு பள்ளிகள்

அமெரிக்காவில் மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்படுத்தும் தனியார் விடுதிப் பள்ளிகளில் ஆண்டோவரும் எக்ஸிட்டரும் பழம் போட்டியாளர்கள். இரண்டின் முழுப்பெயரிலும் 'பிலிப்ஸ்' இருப்பதால் குழப்பம் வேறு.

மூத்தது ஆண்டோவர். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1778இல், வாஷிங்டனின் படைக்கு வெடிமருந்து தயாரித்துக் கொடுத்த சாமுவேல் பிலிப்ஸ் என்ற 26 வயது இளைஞர் மாசசூசெட்ஸில் தொடங்கியது. பணத்துக்குக் கைகொடுத்தவர்கள் அப்பாவும் சித்தப்பா ஜானும். அந்தச் சித்தப்பாவே 1781இல் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டரில் தன் பங்குக்கு ஒரு பள்ளியை நிறுவினார். 1783இல் வகுப்புகள் தொடங்கின. 'அறிவில்லாத நற்குணம் வலுவற்றது, நற்குணமில்லாத அறிவு ஆபத்தானது' என்ற கருத்து இரண்டின் நிறுவன ஆவணங்களிலும் உண்டு. முத்திரைகளில் உள்ள 'தனக்காக அல்ல' என்ற லத்தீன் வாசகமும் ஒன்றே. ஆக, தோற்றக் கதையை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது.

பாதை பிரிந்தது 1930இல். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் எக்ஸிட்டருக்கு 58 லட்சம் டாலர் கொடுத்தார், கற்பிக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு. பிறந்தது நீள்வட்ட மேசை. பன்னிரண்டு பேர் அளவில் மாணவர்களும் ஆசிரியரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசியே பாடம் நடத்துகிறார்கள். கணக்குப் பாடம்கூட அப்படித்தான். கடைசி வரிசை என்ற ஒன்றே இல்லாததால் வீட்டில் படிக்காமல் வந்தவர் ஒளிய இடமில்லை. வாயாடிப் பிள்ளைக்குக் கொண்டாட்டம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் பெரும்பாடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாணவிகள் விஷயத்தில் எக்ஸிட்டர் 1970இல் நேரடியாகக் கதவைத் திறந்தது. ஆண்டோவரோ 1973இல், பக்கத்திலிருந்த அபட் என்ற பழைய பெண்கள் பள்ளியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இணைப்பு என்றார்கள்; மிஞ்சியது ஆண்டோவரின் பெயர்தான்.

ஆனால் என் ஓட்டு ஆண்டோவருக்கே. தகுதியுள்ள இளைஞர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பள்ளி திறந்திருக்கும் என்று 1778இலேயே எழுதிவைத்தார்கள். வாக்கைக் காப்பாற்ற இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது என்பது வேறு கதை. குடும்பத்தால் கட்டணம் கட்ட முடியுமா என்று பாராமல் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது 2007இல் அறிவித்தது. எக்ஸிட்டர் அந்த முடிவுக்கு வந்தது 2021இல். நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் மேசையின் வடிவத்துக்கு முன் இதைத்தான் பார்ப்பார்கள்.