உப்புவெளி டைவிங் கடைகளில் கேட்ட கதைகள்

திருகோணமலையில் டைவ் அடிக்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள், கடலில் கால் நனைக்க முன்னமே பக்கத்துக் கடையைப் பற்றிய கதைகளில் நனைந்துவிடுவார்கள். இந்த ஆடி மாதம் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போனபோது உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை பல டைவிங் கடைகளில் ஏறி இறங்கினேன். என்னிடம் முப்பது மீட்டர் வரை இறங்கவிடும் அட்வான்ஸ்ட் டைவிங் கார்டு இருக்கிறது. மகளுக்கு இதுதான் முதல் முறை. விலை என்ன, எந்த இடத்துக்குக் கொண்டுபோவீர்கள், யார் அவளோடு இறங்குவார்கள் என்று விசாரிக்கத்தான் போனேன். பதிலுக்கு முன் "மற்றக் கடைக்கும் போனீங்களோ அண்ணா?" என்ற கேள்வி வந்தது. ஓம் என்று சொன்னால் போதும்.

"அவங்கட மூச்சு விடுற ரெகுலேட்டர் எல்லாம் பழசு." "அவனுக்கு இன்ஸ்ட்ரக்டர் கார்டே இல்லை, என்ர போட்டில சாமான் தூக்கினவன்." "போன வருசம் ஒரு வெள்ளைக்காரியைத் தண்ணிக்குள்ள விட்டுட்டுத் திரும்பி வந்திட்டாங்கள்." இந்தக் கடைசிக் கதையை இரண்டு கடைகளில் கேட்டேன். அவரவர் கதையில் விட்டுட்டு வந்தது மற்றவர்.

இவர்கள் கெட்ட மனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. நெருக்கடி அப்படி. கிழக்குக் கடல் மே மாதம் தெளிந்து, செப்டெம்பர், மிஞ்சினால் ஒக்டோபர் வரைதான் டைவிங்குக்கு இடம் கொடுக்கும். பிறகு வாடைக்காற்று தொடங்கி, மாரி வந்து, போட்டுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். ஐந்தாறு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். தெற்கே உனவட்டுன, ஹிக்கடுவைப் பக்கம் சீசன் நேர் எதிர். அதனால் அங்கே தொழில் செய்கிறவர்களில் சிலர் இந்த மாதங்களில் சிலிண்டரோடு இங்கே வந்துவிடுகிறார்கள். இதற்கு மேல் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் சரியாகச் சீசன் தொடங்கும் நேரத்தில் வெடித்தன. 2020 இல் கொரோனா. 2022 இல் பெற்றோலுக்கு நாள் கணக்காக வரிசை. கடன்பட்டு, சிலிண்டருக்குக் காற்றடைக்கும் கொம்பிரஸர் வாங்கியவர்களுக்கு நல்ல சீசன் ஒன்று கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கடற்கரையில் ஒரு வாடிக்கையாளர் நடந்து போனால் நாலு கடைக்காரரின் கண்ணும் அவர் மேலேதான். ஆட்டோத் தம்பியும் ஒரு கடையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கொமிஷன் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

இன்னொரு பேச்சும் இருக்கிறது, அதை எழுதாமல் விட மனமில்லை. "எங்கட ஆக்களிட்டப் போங்கோ அண்ணா, அவங்கள் தெற்கால வந்தவங்கள்." கேட்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது. என் காசு என் ஊர்ப் பிள்ளையின் கைக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் என் மகள் ஒரு குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர் என்பது எனக்கு வேண்டியதில்லை. அவருக்கு என்ன தெரியும், கையில் என்ன இருக்கிறது என்பதுதான் வேண்டும்.

அதனால் கதைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு கடையைப் பற்றி, "அவங்கட கொம்பிரஸர் ஜெனரேட்டர் புகையை இழுக்குது, அந்தக் காத்தைத்தான் சிலிண்டருக்குள்ள அடிக்கிறாங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். இது சின்னக் குற்றச்சாட்டு இல்லை. புகையிலுள்ள காபன் மொனொக்சைட் சிலிண்டருக்குள் போனால், கரையில் தலையிடி தரும் அளவே ஆழத்தில் ஆளை மயக்கிவிடும். நேரே அந்தக் கடைக்குப் போய், கொம்பிரஸரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இளவயதில் சங்கு குளித்தவர். கோபப்படவில்லை. "வாங்கோ தம்பி" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

கொம்பிரஸர் தகரக் கொட்டிலுக்குள் இருந்தது. காற்று இழுக்கும் குழாயை ஒரு பிவிசி பைப்போடு இணைத்து, கூரைக்கு மேலே ஆளுயரத்துக்குத் தூக்கி, கடல் பக்கம் வளைத்துவிட்டிருந்தார். ஜெனரேட்டர் வளவின் மற்ற மூலையில். பில்டர் மாற்றிய தேதிகள் ஒரு சி.ஆர். கொப்பியில் பேனையால் எழுதியிருந்தன. பிறகு ஒரு சிலிண்டரைத் தூக்கி நிறுத்தி, தோள்ப் பகுதியில் குத்தியிருந்த சோதனை வருடத்தை விரலால் தடவிக் காட்டினார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யவேண்டும், இன்னும் காலம் இருந்தது. வால்வைக் கொஞ்சம் திறந்து, "மணந்து பாருங்கோ" என்றார். எண்ணெய் வாடையும் இல்லை, புகை வாடையும் இல்லை. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "மணத்தை மட்டும் நம்பக் கூடாது தம்பி, அதுக்குத்தான் குழாயை அங்க கொண்டுபோய் வச்சிருக்கிறன்" என்று அவரே சொன்னார்.

அந்தக் கதை பொய் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. என்னை உண்மையில் உலுக்கியது இனித்தான் வருகிறது. கடை கடையாகக் கேட்ட குறைகளில் ஒட்சிசனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டைவ் முடித்து ஏறியவருக்கு இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டினால், முதல் செய்யவேண்டியது சுத்தமான ஒட்சிசன் கொடுப்பது. நிலாவெளிக்கு வெளியே கடலில் இருக்கும்போது பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. போட்டில் ஒட்சிசன் இருக்கவேண்டும். நான் கேட்ட கடைகளில் சில "இருக்கு, ஆனா இப்ப நிரப்பக் குடுத்திருக்கு" என்றன. ஒன்று கேள்வியையே சிரித்து மழுப்பியது. அந்தக் கொம்பிரஸர் கதையைச் சொன்ன கடையிலும் ஒட்சிசன் இல்லை. தன்னிடமும் இல்லாத ஒன்றை வைத்து மற்றவனை எப்படிக் குறை சொல்வது? அதனால்தான் அந்தப் பேச்சே எழவில்லை. எல்லாரும் எல்லாரையும் "ஆபத்து" என்று சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே ஒருநாள் யாராவது எச்சரித்தாலும் அது பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

சங்கு குளித்த அந்தப் பெரியவரின் போட்டில் பச்சைப் பெட்டிக்குள் ஒட்சிசன் இருந்தது. திறந்து அளவையும் காட்டினார். அவரிடமே போனோம். மகளோடு ஒரு இன்ஸ்ட்ரக்டர் தனியாக இறங்கினார். முதலில் இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு ஊதி வெளியேற்றப் பழக்கி, காது அடைப்பு எடுக்கப் பழக்கி, அவள் தலையாட்டிய பிறகுதான் ஆழத்துக்குக் கூட்டிப்போனார். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் தனி. வெளிநாட்டுப் பாஸ்போட் என்றால் வெளிநாட்டுக்காரர் விலைதான். சில கடைகள் அதைச் சேர்த்தும் சில சேர்க்காமலும் விலை சொல்வதால், யார் மலிவு என்ற ஒப்பீட்டில் அர்த்தமே இல்லை. சேர்த்தா சேர்க்காமலா என்று முதலே கேளுங்கள்.

மகள் இல்லாமல், திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்குக் கீழே இறங்கினேன். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்கள் அங்கே கிடக்கின்றன. 1950களில் டைவர் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் குளித்துப் பார்த்த அதே இடம். சதுரமாகச் செதுக்கிய ஒரு தூண் துண்டு, பாசி படிந்து, அதன் அடியில் முள்ளில் விஷமுள்ள ஒரு கல்மீன். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம் என்று பெரியவர் முதலே சொல்லியிருந்தார்.

ஹேர்மிஸ் கப்பலையும் கேட்டுப் பார்த்தேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி. "அது ஐம்பது மீட்டருக்கு மேல தம்பி. உங்கட கார்டுக்கு முப்பதுதான்" என்று ஒரே வார்த்தையில் மறுத்தார். கிளம்ப முதல் நாள் பின்னேரம் இன்னொரு டைவ் கேட்டபோதும் மறுத்தார். அடுத்த நாள் விடியவே கட்டுநாயக்கவில் பிளேன். தொடர்ந்து டைவ் அடித்தவர் பதினெட்டு மணித்தியாலமாவது பறக்காமல் இருக்கவேண்டும். கைக்கு வந்த காசை வேண்டாம் என்று சொன்ன கடை அது ஒன்றுதான். அதே பின்னேரத்துக்கு இன்னொரு கடை, "ஒண்டும் செய்யாது அண்ணா, வாங்கோ" என்றது.

கொம்பிரஸர் கதை சொன்ன கடைத் தம்பியையும் போகுமுன் பார்த்தேன். நல்ல பொடியன், கடலில் கெட்டிக்காரன் என்று பெரியவரே சொன்னார். அவரிடம் பழகியவனாம். அந்தக் குழாய் எங்கே நிற்கிறது என்று நான் கண்டதை அவனுக்குச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒட்சிசன் பெட்டி வாங்கி வைத்தால் அடுத்த முறை என் மச்சான் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன்.

"விலை எவ்வளவு அண்ணா வரும்?"

"எங்க வாங்கினவர் எண்டு அவரிட்டயே கேளுங்கோ" என்றேன்.