அலமாரிக்குள் பொருத்தும் ஓவன்: வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எங்கள் வீட்டு மாடுலர் கிச்சனில், அலமாரிக்குள் பொருத்திய மின்சார ஓவன் ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். 60 செ.மீ. அகலமும் 71 லிட்டர் கொள்ளளவும் கொண்டது; மேலும் கீழும் சூடாக்கும் காயில்கள், பின்புறம் வெப்பக் காற்றைச் சுழற்றும் விசிறி என நடுத்தர விலைக்குரிய வசதிகள் எல்லாம் இருக்கின்றன. சமைக்கும் திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. முழுக் கோழி எலும்பு வரை சீராக வேகிறது. இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் பிஸ்கட் வைத்தாலும் ஒரு தட்டு கருகி மற்றது வெளுத்து நிற்பதில்லை. ஆகவே, கடைக்காரர்கள் மிகக் குறைவாகப் பேசும் மின் இணைப்பையும் சுத்தம் செய்வதையும் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

மேசைமேல் வைக்கும் ஓடிஜி என்ற சிறிய ஓவன் பெரும்பாலும் 1,200 முதல் 2,000 வாட்டுக்குள் அடங்கிவிடும். எங்களுடையது ஏறத்தாழ 3,000 வாட் இழுக்கிறது. அதாவது 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர்; ஓவன் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடக்கூடும். இதை 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ கொடுப்பது தீயைக் கேட்டு வாங்குவதற்குச் சமம். பொருத்த வந்தவர், கிரைண்டருக்குப் போகும் லைனிலிருந்தே இணைப்பு எடுத்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் அதற்கு ஒப்புக்கொள்ளாமல், எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் மின் இணைப்புகள் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து தனி வயர் இழுத்து, மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் எம்சிபி சுவிட்சையும் அதற்கென்று தனியாக வைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஓவனை இயக்கினோம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் அதையும் இந்த வேலையோடு சேர்த்தே போட்டுவிடுவது நல்லது. 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஓவனுக்கு நேர் பின்னால் அமைந்துவிடக் கூடாது. அவசரத்தில் கை எட்டும் பக்கத்து அலமாரியில் அதன் சுவிட்ச் இருக்க வேண்டும்.

அலமாரியில் காற்றோட்டமும் இதே அளவு முக்கியம். ஓவனின் பின்புறம் அலமாரியின் பலகை வெட்டப்பட்டு, சூடான காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்; இடைவெளி எவ்வளவு என்பது கையேட்டிலுள்ள படத்திலேயே இருக்கிறது, தச்சரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிடுங்கள். சமையல் முடிந்து ஓவனை அணைத்த பிறகும் உள்ளிருக்கும் குளிர்விப்பு விசிறி சிறிது நேரம் ஓடும். சத்தம் கேட்கிறதே என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால், அந்தச் சூடு மின்பாகங்களிலும் பலகையிலும் போய்த் தங்கும். புதிய ஓவனை முதலில் காலியாகவே உயர்ந்த வெப்பத்தில் சிறிது நேரம் ஓடவிட வேண்டும்; அப்போது எழும் நெடிக்கு ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

இனி சுத்தம். ‘தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்’ என்று கடையில் சொல்லும்போது, அது மூன்று வகைகளில் எது என்று கட்டாயம் கேளுங்கள். பைரோலிட்டிக் என்பது உட்புறத்தை ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அழுக்கைச் சாம்பலாக்கும் முறை. கதவு தானே பூட்டிக்கொள்ளும். ஆறிய பின் சாம்பலைத் துடைத்தால் போதும். ஆனால் கம்பித் தட்டுகளையும் பெரிய உணவுத் துணுக்குகளையும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். எழும் புகை வெளியேற வேண்டும். குழந்தைகளையும், குறிப்பாகக் கூண்டுப் பறவைகளையும், அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் வைத்திருக்கக் கூடாது. கேட்டலிட்டிக் என்பது சொரசொரப்பான பூச்சுள்ள உட்பலகை. தெறிக்கும் எண்ணெயை அதிக வெப்பத்தில் சிதைத்துவிடும், எனவே அதைத் தேய்க்கவே கூடாது. மூன்றாவது, நீராவி முறை.

எங்கள் ஓவனில் பின்பலகை மட்டும் கேட்டலிட்டிக், மற்றதற்கு நீராவி. அடியிலுள்ள குழியில் கையேடு சொல்லும் அளவு தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் மிதமாகச் சூடாக்க வேண்டும். தயிரும் மிளகாய்த்தூளும் கோழிக் கொழுப்பும் சொட்டிக் காய்ந்த திட்டு, அதன் பிறகு ஓரத்திலிருந்து ஊறி, துணியோடு ஒரே வழிப்பில் வந்துவிடுகிறது. மேல் காயிலுக்குப் பின்னால், கூரையில் படியும் பழுப்பு எண்ணெய்ப் படலத்தை மட்டும் அது அசைப்பதே இல்லை. அந்த இடத்தைப் பொறுத்தவரை இந்த வசதிக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். மெயின் சுவிட்சை அணைத்து, ஓவன் நன்றாக ஆறிய பின், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து காயிலில் படாமல் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் மென்மையான துணியால் துடைப்பதே எங்களுக்குப் பலன் தந்தது.

காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர்கள் விரைவாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அவை தோலையும் கண்ணையும் பொசுக்கும். அலுமினியத்தையும் கேட்டலிட்டிக் பூச்சையும் கெடுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் கையுறையோடு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஆறிய ஓவனில் மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்டீல் ஸ்க்ரப்பரையும் பிளேடையும் கதவுக் கண்ணாடியில் வைக்கவே வேண்டாம். இன்று விழும் கீறல், என்றோ ஒரு நாள் சூட்டில் கண்ணாடி நொறுங்கக் காரணமாகலாம். சூடான கண்ணாடியில் ஈரத்துணி வைப்பதும் அப்படியே. சொட்டுவது ஒட்டாமலிருக்க அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரிப்பது பல வீடுகளில் உள்ள பழக்கம். அது வெப்பத்தை அடியிலேயே தேக்கி, உட்புறத்தின் எனாமல் பூச்சை வெடிக்க வைக்கும். கீழ்த்தட்டில் ஒரு டிரே வைத்தாலே போதுமானது.

இந்த ஓவனில் எனக்கு மிகவும் பிடித்தது கதவு. முழுவதுமாகத் திறந்து, இரு கீல்களின் கொக்கிகளையும் திருப்பிப் பூட்டிய பின், பாதி மூடித் தூக்கினால் கழன்று வருகிறது. உள்கண்ணாடிகளையும் தனித்தனியே உருவி, இடையில் வழிந்த எண்ணெய்க் கோடுகளைக் கழுவலாம். கொக்கியைப் பூட்டாமல் தூக்கினால் கீலின் ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும் என்பதால், இந்த வேலையை இருவராகச் செய்வது நல்லது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்த்துக் கிழித்துவிட்டால் சூடு அலமாரிப் பலகைக்குக் கசியும்.

இத்தனை கவனமும் தோற்றத்துக்காக மட்டும் அல்ல. தேங்கிய கொழுப்பு, கிரில் சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. அப்படிப் பிடித்தால் கதவைத் திறக்காமல், தண்ணீர் ஊற்றாமல், மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டும். காற்றின்றி அது பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும். அடங்காமல் புகை பெருகினால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

சமையல் திறனுக்கும் கதவுக்கும் இந்த ஓவனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாரம் முழுவதும் இறைச்சி சுடும் வீடுகள், கூடுதல் விலை கொடுத்தாவது பைரோலிட்டிக் வகையை வாங்குவது சரி. எதை வாங்கினாலும், பணம் கட்டும் முன் கதவை உங்கள் கண்முன் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கையாலும் ஒரு முறை செய்து பாருங்கள்.