121 கொரோலாவில் பெற்றோல் பம்பை வீட்டில் மாற்றி இரண்டு வருடம்

சுன்னாகத்தில் இருக்கும் நண்பனிடமும் என்னுடையதைப் போலவே ஒரு ரொயோட்டா 121 கொரோலா கார் இருக்கிறது. போன கிழமை அது நடு வீதியில் நின்றுவிட்டது. "நீ வீட்டிலதானே பம்ப் மாத்தினனீ, இப்ப எப்படி இருக்கு? நானும் செய்யட்டோ?" என்று கேட்டான். தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மாற்றி இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. அதற்குப் பிறகு கார் 19,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ராங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் தள்ளும் அந்தப் பம்பில் ஒரு குறையும் இல்லை. காலையில் திறப்பைத் திருப்பினால் முதல் தடவையிலேயே பிடிக்கிறது, சத்தமும் இல்லை. எரிபொருள் செலவு குறையும் என்று சிலர் சொன்னார்கள், எனக்குக் குறையவில்லை. நான் இவ்வளவு எழுதுவது பம்புக்காக இல்லை, அதோடு சேர்ந்த ஒரு றப்பர் வளையத்துக்காக.

பழைய பம்ப் காரோடு வந்தது. 19 வருடம் உழைத்த சாமானைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அது போகப்போகிறது என்பதை மூன்று மாதம் முன்பே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை. முதலில் காலையில் இரண்டு மூன்று தடவை ஸ்ரார்ட் பண்ண வேண்டியிருந்தது. அப்புறம் கிளிநொச்சிப் பக்கம் போகும்போது, பளை தாண்டி வெயில் ஏறினால் 70க்கு மேல் இழுக்காது, மிதித்தால் விக்கும். கடைசியில் ஒரு நாள் ஆனையிறவில் முற்றாக நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை, பின்னால் அம்மா. அரை மணி நேரம் கழித்துத் திருப்பினேன், ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. சூடேறினால் நிற்பதும் ஆறினால் ஓடுவதும் தேய்ந்த பம்ப் மோட்டாரின் குணம். நான் அதை எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயில் என்று நினைத்து ஒரு கொயிலை வாங்கிக் காசை வீணாக்கினேன். முதலில் கேஜ் வைத்துப் பெற்றோல் லைனின் அழுத்தத்தைப் பாருங்கள். இந்தக் காரின் 1என்இசட் எஞ்சினுக்கு 44 முதல் 50 பி.எஸ்.ஐ. வேண்டும். என்னுடையது 30ஐத் தாண்டவில்லை.

ராங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றி நிற்கும் பெற்றோல்தான். 2022 தட்டுப்பாட்டில் அந்தப் பெற்றோலுக்காக நாங்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தோம். ஜூலையில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அடுத்த ஒரு வருடம் ராங்கி பாதிக்கு மேல் நிறைந்ததை நான் காணவில்லை, அடியில் கிடந்ததை உறிஞ்சியே ஓடினேன். பம்பின் ஆயுளைத் தின்றது அந்த ஒரு வருடம்தான் என்று நான் நம்புகிறேன். இப்போது முள் கால்வாசிக்குக் கீழே போக விடுவதில்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் மூடி. சீற்றைத் தூக்கினால் சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் ஒரு தகர மூடி, சுற்றிவரக் கறுப்புப் பசை. அதைக் கிளப்பினால் நேரே பம்பின் தலை. ராங்கியை இறக்கத் தேவையில்லை, காரைத் தூக்கிக் கீழே படுத்துக்கொண்டு முகத்தில் பெற்றோல் வாங்கவும் தேவையில்லை. ராங்கியை இறக்கினால்தான் பம்ப் தெரியும் என்ற கார்களும் இருக்கின்றன. என்றைக்கோ ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் இதைத் திறப்பான் என்று யோசித்து அந்த ஓட்டையை விட்ட மனிதனை அன்றைக்கு மனமார வாழ்த்தினேன்.

காரை மாமரத்துக்குக் கீழே நிறுத்தி நான்கு கதவையும் திறந்து வைத்தேன். போர்ட்டிக்கோவுக்குள் செய்யவே கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, ஒதுக்கான இடத்தில் நிலத்தோடு தங்கி நிற்கும். மின்விசிறியும் வைக்கவில்லை, அதன் மோட்டாரில் பொறி பறந்தால் போதும். தம்பி மகன் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு நின்றான். மூடியைக் கிளப்பி, பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விட்டேன். லைனில் இருந்ததை எரித்துவிட்டுத் தானாக நின்றது. இதைச் செய்யாமல் லைனைக் கழற்றினால் அழுத்தத்தோடு அடிக்கும். அதற்குப் பிறகு பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன்.

பம்பின் தலையைச் சுற்றி 19 வருடத்துச் செம்மண். எங்கள் கோண்டாவில் தூசு எந்த இடுக்கிலும் புகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயின்ற் பிரஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி தட்டி, அரை மணி நேரம் அதற்கே போனது. போல்ட்களைக் கழற்றி, மிதவைக் கம்பி வளையாதபடி சரித்து மெல்ல எடுத்தேன். அடியில் பெற்றோலை வடிக்கும் வலைப்பை, தேயிலைச் சாயத்தில் ஊறிய துணி மாதிரி இருந்தது. புதியதைப் பக்கத்தில் வைத்தபோதுதான் அது ஒரு காலத்தில் வெள்ளை என்றே தெரிந்தது.

இனி வளையம். பம்பின் தலைக்கும் ராங்கிக்கும் நடுவில் அடைப்பாக இருப்பது அது ஒன்றுதான். பம்ப் வாங்கிய கடையில் அதையும் கேட்டேன். "பழசையே போடுங்கோ அண்ணை, ஒண்டும் ஆகாது" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பெற்றோலில் ஊறிய றப்பர் வீங்கும். வெளியே எடுத்த பழைய வளையம் இருந்த பள்ளத்தை விடப் பெரிதாகிவிட்டது. ஒரு பக்கத்தை அமர்த்தினால் மறுபக்கம் எழும்பும். நானும் விரலால் அழுத்தி அழுத்தி, தட்டை மேலே வைத்து முடுக்கிவிட்டேன். எஞ்சின் ஓடியது, கசிவு இல்லை. அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ராங்கியை நிரப்பிக்கொண்டு சந்நிதி கோவிலுக்குப் போனோம். அச்சுவேலிக்குக் கிட்ட வரும்போது பின்னால் இருந்த அம்மா, "தம்பி, அப்பான்ர கார் மாதிரி மணக்குதடா" என்றார். அப்பாவின் கார் ஏ-40 ஒஸ்ரின். பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஓடிய பழைய கார்கள் பலவற்றைப் போல அதுவும், காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த மணத்தோடு எத்தனையோ தரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அம்மா, மூக்கு பிழைக்காது. காரை ஓரம் கட்டி, கண்ணாடிகளை இறக்கி, சீற்றைத் தூக்கினேன். பம்பின் தலையில் ஒரு பக்கம் மட்டும் ஈரம். ராங்கி பாதியாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. நிரம்பியதும், வளைவுகளில் பெற்றோல் அலைந்து மேலே முட்டிக் கசிந்திருக்கிறது. அதன் மேல்தான் 74 வயது அம்மாவை இருத்தி வைத்திருந்தேன். அன்றைக்கு அவரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் காரை மெல்ல வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பம்ப் இருக்கிறது, வளையம் இல்லை. கடைசியில் கொழும்பில் இருக்கும் மச்சான் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். வந்து சேர ஆறு நாள், அதுவரை கார் மாமரத்துக்குக் கீழேயே நின்றது. வளையத்தின் விலை பம்பின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பழையதைக் கழற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தில், நக அளவுக்கு, நசுங்கிப் பளபளவென்று ஒரு தழும்பு. புதியது பள்ளத்தில் வைத்தவுடனே சொன்ன சொல் கேட்டு அமர்ந்தது, விரலால் தள்ள வேண்டிய தேவையே வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டு ஈரமும் இல்லை, மணமும் இல்லை.

வேலை கடினமில்லை. இரண்டு மணி நேரம், சாதாரண ஸ்பனர்கள், பொறுமை, அவ்வளவுதான். கராஜில் கேட்ட கூலி மிச்சம். காரும் நன்றாக ஓடுகிறது. இவ்வளவும் சொன்ன பிறகும் நண்பனுக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம், கராஜுக்கே கொண்டு போ. நியாயமாகப் பார்த்தால் பிழை வளையத்தில்தான், வீட்டில் செய்ததில் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தரமும் ராங்கி நிரப்பினால், வீட்டுக்கு வந்து சீற்றைத் தூக்கி மணந்து பார்க்காமல் எனக்கு மனம் ஆறுவதில்லை. நேற்றும் பார்த்தேன். அந்தப் பயத்தை இன்னொருவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

மச்சான் அன்றைக்கு இரண்டு வளையம் அனுப்பினார். மற்றது உறை பிரிக்காமல் அலுமாரியில் இருக்கிறது. நண்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். மெக்கானிக் அதைப் போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.