கேலிக் ஓடைப் பெயர்கள்: ஏட்டை நம்புவதா, காதை நம்புவதா?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதிக்கு ஒரு வரலாற்று வரைபடம் போட உட்கார்ந்தால் மலைகளும் ஏரிகளும் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. பாடாய்ப் படுத்துவது ஓடைகள்தான். அப்பகுதியின் பழைய மொழியான கேலிக்கில் இருக்கும் அவற்றின் பெயர்களுக்குச் சான்று தேடிப் போகக்கூடிய இடங்கள் முக்கியமாக மூன்று.

வயதில் மூத்தது, 1747 முதல் 1755 வரை ராணுவம் வரைந்த, வில்லியம் ராய் என்பவரின் பெயரால் அறியப்படும் வரைபடம். பழையது என்பதாலேயே பலர் இதில் மயங்குகிறார்கள். பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்த ஜாக்கபைட் கிளர்ச்சியை அடக்கிய கையோடு, படை நடமாட்டத்துக்காகப் போட்ட வரைபடம் அது. கேலிக் பெயர்கள் காதில் விழுந்தபடி ஏறியிருக்கின்றன. துணைச்சான்றாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: எழுத்திலிருக்கும் பெயர்ப் பதிவேடுகள், உள்ளூர்க்காரர் பேச்சின் ஒலிப்பதிவுகள்.

19ஆம் நூற்றாண்டில் ஆறு அங்குல (மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்துக்காக பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே எழுதிவைத்த பெயர்ப் பதிவேடுகள் இப்போது இணையத்திலேயே பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் வரைபடத்தில் ஏறிய பெயர், வழக்கில் இருந்த வேறு எழுத்துக்கூட்டல்கள், அவற்றைச் சொன்னவர் யார், இடக்குறிப்பு, விவரம் எனக் கட்டம் கட்டியிருப்பார்கள். ஓடை எங்கே பிறந்து எங்கே கலக்கிறது என்பதை விவரக் கட்டத்திலிருந்து பெரும்பாலும் பிடித்துவிடலாம். வரைபடக்காரனுக்கு இது பெரிய வரம். ஆனால் 'சொன்னவர்' கட்டத்தையும் பாருங்கள்: நிலக்கிழார், அவருடைய எஸ்டேட் மேலாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர். மலைமேல் முழங்கால் அகல ஓடையின் பெயர் இவர்களைவிட ஆடு மேய்ப்பவருக்கல்லவா நன்றாகத் தெரியும்?

அங்கேதான் ஒலிப்பதிவு ஜெயிக்கிறது. பென் நெவிஸ் மலையின் வடமுகத்திலிருந்து இறங்கும் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள் (அடிவாரத்து விஸ்கி ஆலைக்கும் அதன் தண்ணீர்தான்). 'ஆலை ஓடை' என்று பொருள்படும் அதன் பெயரில் எழுத்தில் இருப்பது 'ம்'மும் 'ஹ்'உம்; வாயில் வருவது 'வ'. அவுல்ட் அ வுலின். எழுத்தை மட்டும் பார்த்து இந்த ஒலியைப் பிடிப்பது வேற்றுமொழிக்காரருக்குக் கஷ்டம். எடின்பரோவில் 1951இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி இப்படி ஏராளமான வாய்மொழியைப் பதிந்து வைத்தது. டீ ஆற்றங்கரையின் மேல்பகுதியான மேல் டீசைடில் ஆடம் வாட்சனும் எலிசபெத் ஆலனும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுத் திரட்டிய பெயர்கள் 1984இல் நூலாயின. அந்த வட்டார கேலிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஒலிப்பதிவுக்கும் ஒரு குறை உண்டு: 'அதோ அந்த ஓடை' என்று கை நீட்டியதை டேப் பதியாது. மேல்பகுதிக்கு ஒரு பெயர், கீழே வேறு பெயர் என்றிருக்கும் ஓடையில் எந்தத் துண்டைச் சொன்னார் என்பது அதோடு போச்சு.

ஸ்காட்லாந்தின் கேலிக் இடப்பெயர்களுக்கு இன்று எழுத்துமுறை வகுக்கும் அயின்மன்-ஆச்ச நா ஹ்-அலபா அமைப்பு தரும் திருத்திய எழுத்துக்கூட்டலை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவே கூடாது. இன்றைய பெயர்ப்பலகைக்கு அதுதான் சரி. 1870இன் வரைபடத்தில் அதை எழுதினால் வரலாற்றைத் திருத்தியதாகிவிடும்.

என் கட்சி இது: கேலிக் மறைந்துவிட்ட பள்ளத்தாக்குகளில் பதிவேடுதான் முதுகெலும்பு, ஓடையைக் கிளை சேரும் இடங்களில் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, சொன்னவர் மூன்றையும் தனித்தனியே ஏற்றுங்கள். லூயிஸ், ஸ்கை போல இன்னும் பேசுகிற தீவுகளில் முதலில் ரெக்கார்டரோடு கிளம்புங்கள், ஜிபிஎஸ்ஸையும் எடுத்துக்கொண்டு. பதிவேட்டை அடுத்த வருடமும் படிக்கலாம்.